குரல் மட்டும் ஊர் சுற்றிய பாடகி: லொலீட்டா ஹாலோவே – ஒரு நிகழ்வு ஆய்வு

1989 செப்டம்பரில் ‘ரைடு ஆன் டைம்’ என்ற நடனப் பாடல் பிரிட்டனின் தரவரிசையில் முதலிடத்தைப் பிடித்தது. ஆறு வாரம் அங்கிருந்து இறங்கவே இல்லை. அந்த ஆண்டு பிரிட்டனில் அதிகம் விற்ற சிங்கிளும், அதாவது தனிப்பாடல் தட்டும், அதுதான். பாட்டைச் செய்தவர்கள் பிளாக் பாக்ஸ் என்ற பெயரில் இயங்கிய மூன்று இத்தாலியர்கள். தொலைக்காட்சியில் அந்தப் பாட்டுக்கு முகமாக வந்தவர் காத்ரின் கினோல் என்ற மாடல். குரலோ சிகாகோவில் பிறந்து வளர்ந்த லொலீட்டா ஹாலோவேயுடையது. ஒன்பது ஆண்டுக்கு முன் அவர் பாடிய ‘லவ் சென்சேஷன்’ பாட்டிலிருந்து துண்டு துண்டாக வெட்டி எடுத்து, புதிய தாளத்தின் மேல் ஒட்டியிருந்தார்கள். பாடியவர் என்று அவர் பெயரை யாரும் போடவில்லை.

ஒருவர் வாயசைக்க இன்னொருவர் பாடுவது நமக்குப் புதிதே அல்ல. நம் சினிமா அப்படித்தான் ஓடுகிறது. ஆனால் பி.சுசீலா பாடினார் என்றால் இசைத்தட்டிலேயே அவர் பெயர் அச்சாகியிருக்கும். ரேடியோவில் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் பாட்டைப் போடுவார்கள். அதனால் இந்த விவகாரத்தில் வாயசைப்பை நான் பெரிய குற்றமாகப் பார்க்கவில்லை. பெயரை விழுங்கியதுதான் குற்றம்.

பத்தாண்டுக்கு மேல் இசைத்தட்டுகள் வெளியிட்ட ஒரு பாடகி எப்படிப் பெயரில்லாத குரலானார், எப்படித் திரும்பக் கிடைத்தார், அப்படிக் கிடைத்தபோது எது விடுபட்டுப் போனது? மூன்றாவது கேள்விதான் எனக்கு முக்கியம். அவருடைய உச்சக்குரலை உலகம் கண்டுபிடித்துவிட்டது. அவர் உட்கார்ந்து நிதானமாகப் பாடிய பாட்டுகள் பெரும்பாலும் இன்னும் தூசிக்குள்தான் கிடக்கின்றன.

சர்ச்சில் கற்றது

லொலீட்டா பிறந்தது 1946 நவம்பர் 5. அம்மா நடத்திய சர்ச் பாடகர் குழுவில் பாட ஆரம்பித்தார். 1967இல் கேரவன்ஸ் குழுவில் சேர்ந்தார். ஆல்பர்ட்டினா வாக்கர் நடத்திய அந்தக் குழு காஸ்பெல் என்ற சர்ச் இசை உலகின் பெரிய பள்ளிக்கூடம். ஷெர்லி சீசர், இனெஸ் ஆண்ட்ரூஸ், ஜேம்ஸ் கிளீவ்லாந்து எல்லாம் அங்கே இருந்துவிட்டுப் போனவர்கள். அந்த வரிசையில் நின்று நான்கு வருடம் தாக்குப்பிடிப்பதே பெரிய விஷயம்.

கறுப்பின மக்களின் சர்ச்சில் ஒரு பாட்டு எப்படி நடக்கிறது என்பதை இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் சாவி இதில்தான் இருக்கிறது. எழுதப்பட்ட பாட்டு இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்கப்புறம் ‘வேம்ப்’ என்று ஒரு பகுதி. வாத்தியங்கள் ஒரே ஒரு சிறிய சுழற்சியில் நின்றுவிடும். கோரஸ் ஒரு வரியையோ இரண்டு சொல்லையோ விடாமல் திருப்பிச் சொல்லும். முன்னணிப் பாடகர் அதன் மேல் மனம்போல் கற்பனை செய்வார். கெஞ்சுவார், அதட்டுவார், உறுமுவார், ஒரு சொல்லைப் பிடித்து நீட்டுவார். கூட்டம் எழுந்து நிற்கும்வரை இது ஓடும். சில சமயம் பாட்டைவிட வேம்ப்தான் நீளம். லொலீட்டா இதில் புலி.

அட்லாண்டாவின் நல்ல வருடங்கள்

1971இல் அவர் சர்ச் பாட்டிலிருந்து சோல் இசைக்கு வந்தார்; அதே சர்ச் பாணியில் காதலையும் வாழ்க்கையையும் பாடும் கறுப்பின இசை அது. முதல் தட்டு ‘ரெயின்போ 71’. கர்டிஸ் மேஃபீல்டு எழுதி, ஜீன் சாண்ட்லர் ஏற்கெனவே புகழாக்கியிருந்த பாட்டு. இந்தக் காலத்தில் அவருடைய தயாரிப்பாளராகவும் மேலாளராகவும் இருந்து, பிறகு கணவரும் ஆனவர் ஃபிளாய்டு ஸ்மித். 1939இல் ஆண்டி கிர்க்கின் இசைக்குழுவில் ‘ஃபிளாய்ட்ஸ் கிட்டார் புளூஸ்’ வாசித்துப் பதிவு செய்த அதே ஸ்மித். எலெக்ட்ரிக் கிட்டாரின் மிக ஆரம்பகாலப் பதிவுகளில் அதுவும் ஒன்று.

அட்லாண்டாவில் இருந்த அவேர் என்ற இசைத்தட்டு லேபிளில் லொலீட்டாவின் இரண்டு தொகுப்புகள் வந்தன. 1973இல் ‘லொலீட்டா’, 1975இல் ‘க்ரை டு மீ’. இரண்டாவதன் தலைப்புப் பாட்டு அமெரிக்காவில் கறுப்பின மக்களின் ஜனரஞ்சக இசைக்கான ஆர் அண்ட் பி தரவரிசையில் பத்தாம் இடத்துக்கு வந்தது. சாலமன் பர்க் பாடிய அதே பெயர்ப் பாட்டு வேறு. இதை எழுதியதில் முக்கியமான கை சாம் டீஸ். அலபாமா மாநிலத்து பர்மிங்ஹாமில் பிறந்தவர், சோல் இசையின் மிகச் சிறந்த பாடலாசிரியர்களில் ஒருவர். அவரும் போதிய பெயர் கிடைக்காதவர்தான், அது தனிக் கதை. டீஸின் மெட்டில் அவசரம் இருக்காது. ஒரு பெண் பேச நினைப்பதை எல்லாம் பேசிவிட்டுத்தான் மெட்டு நகரும். லொலீட்டாவுக்கு அது அளவெடுத்துத் தைத்த சட்டை.

பத்தாம் இடம் என்பது நல்ல ஆரம்பம். அடுத்த இரண்டு தட்டுகளைச் சரியாக விட்டிருந்தால் அரேதா ஃபிராங்க்ளின், கிளாடிஸ் நைட் வரிசையில் வைத்துப் பேசப்பட்டிருப்பார் என்று நான் நம்புகிறேன். நடக்கவில்லை. அவேர் லேபிளின் தாய் நிறுவனத்தை நடத்தியவர் மைக்கேல் தேவிஸ். ஆபாசப் பட, பத்திரிகை வியாபாரத்தில் பணம் குவித்தவர். அவர் சட்டத்தின் பிடியில் சிக்க, இசைக் கம்பெனியும் 1970களின் நடுவில் கவிழ்ந்தது. லொலீட்டாவின் சோல் பதிவுகள் அதோடு கடையிலிருந்து காணாமல் போயின. பாடகியின் பாட்டுக்கும் முதலாளியின் வழக்குக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் அனுபவித்தது பாடகி.

பிலடெல்பியாவும் பதினோரு நிமிடமும்

அடுத்து வந்த இடம் கோல்டு மைண்டு. நியூயார்க்கில் கேயர் சகோதரர்கள் நடத்திய சால்சோல் நிறுவனத்தின் கீழ், கிட்டார் கலைஞர் நார்மன் ஹாரிஸ் நடத்திய லேபிள். ஹாரிஸ், பேஸ் கிட்டார் ரானி பேக்கர், டிரம்ஸ் ஏர்ல் யங் ஆகிய மூவரும் பிலடெல்பியாவின் சிக்மா சவுண்டு ஸ்டுடியோவில் அந்த ஊரின் சத்தத்தையே உருவாக்கியவர்கள். நடனத் தரையில் இன்றுவரை ஓடும் அந்தத் தொடர்ந்த ஹை-ஹாட் (டிரம்ஸில் இருக்கும் ஜோடி ஜாலரா) வீச்சு ஏர்ல் யங்கின் கையிலிருந்து வந்தது.

இங்கே லொலீட்டாவுக்கு இரண்டு முகம் கிடைத்தது. சாம் டீஸின் ‘வோர்ன் அவுட் புரோக்கன் ஹார்ட்’ என்ற மெதுவான பாட்டு ஆர் அண்ட் பி தரவரிசையில் 25ஆம் இடத்துக்கு வந்தது. ‘ட்ரீமின்’, ‘ஹிட் அண்ட் ரன்’ போன்ற வேகமான பாட்டுகள் டிஸ்கோக்களில் தீயாகப் பரவின. கம்பெனி எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லவா வேண்டும்.

‘ஹிட் அண்ட் ரன்’ பாட்டுக்கு நடந்ததைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். 1977இல் சால்சோல் அதன் தனித்தனி ட்ராக்குகள் கொண்ட மூல நாடாவை வால்டர் கிப்பன்ஸ் என்ற டிஜேயின் கையில் கொடுத்தது. முந்தைய ஆண்டு டபுள் எக்ஸ்போஷர் குழுவின் ‘டென் பெர்சென்ட்’ பாட்டை நீட்டிக் கொடுத்தவர் இவர்தான். கடையில் பொதுமக்களுக்கு விற்கப்பட்ட முதல் பன்னிரண்டு அங்குல சிங்கிள் அது. ஆனால் மூல நாடாவில் கை வைப்பது வேறு சங்கதி. வயலின்களை அணைக்கலாம், ஊதுகுழல்களை அணைக்கலாம், பாடகியின் குரலை மட்டும் தனியே எடுக்கலாம்.

கிப்பன்ஸ் அதைத்தான் செய்தார். லொலீட்டா கதை சொல்லும் ஆரம்பச் சரணங்களைத் தூக்கி எறிந்தார். ஹாரிஸ் பார்த்துப் பார்த்து எழுதிய தந்திவாத்தியப் பகுதிகளில் பெரும்பங்கை மறைத்தார். டிரம்ஸும் பேஸும் முன்னால் வந்தன. பாட்டு முடிந்து அணைந்துபோகும் இடத்தில் லொலீட்டா கற்பனையாகப் பாடியவை, தொகுப்பில் அடங்கிக் கேட்டவை, எல்லாம் வெளிச்சத்துக்கு வந்தன. மொத்தம் பதினோரு நிமிடம். தாளம் சுழல்கிறது, பாதிக்கு மேல் அவர் வாக்கியமாகப் பாடுவதே இல்லை. சொல்லை உடைத்து, அரைச் சொல்லை எறிந்து, மூச்சைக் கூடத் தாளமாக்கி ஓட்டுகிறார். சர்ச்சின் வேம்ப் அப்படியே நடனத் தரைக்கு வந்து இறங்கிய இடம் இது. ரீமிக்ஸ் என்ற கலையின் வரலாற்றை இந்தத் தட்டிலிருந்து தொடங்குபவர்கள் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது.

எனக்கும் இந்தப் பதிவு உயிர். ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். சரணத்தை எடுத்துவிட்டு முடிவை மட்டும் வைத்துக்கொள்ளும் வழக்கம் லொலீட்டா விஷயத்தில் இங்கேதான் ஆரம்பித்தது. பாட்டின் வால்தான் பாட்டு என்று ஆயிற்று.

விக்ஸ் கலந்த காப்பி

1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் கொமிஸ்கி பார்க் மைதானத்தில், இரண்டு பேஸ்பால் ஆட்டங்களுக்கு நடுவில், டிஸ்கோ நடன இசையை வெறுத்தவர்கள் பெட்டி நிறைய டிஸ்கோ தட்டுகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள். லொலீட்டாவின் சொந்த ஊர். பெரிய கம்பெனிகளும் வானொலி நிலையங்களும் டிஸ்கோ என்ற பேச்சையே கைவிட ஆரம்பித்தன. ‘லவ் சென்சேஷன்’ வந்தது அதற்கு அடுத்த வருடம்.

எழுதித் தயாரித்தவர் டான் ஹார்ட்மன். அவருடைய ‘ரீலைட் மை ஃபயர்’ பாட்டின் நடுவில் வந்து கூரையைப் பிய்ப்பதும் லொலீட்டாதான். (1993இல் டேக் தட் குழு அதைத் திரும்பப் பாடியபோது அந்தப் பகுதியைப் பாடகி லுலு பாடினார், முதலில் பாடியவர் யார் என்று கேட்டவர்கள் குறைவு.) ‘லவ் சென்சேஷன்’ பதிவில் ஹார்ட்மன் விடாக்கண்டராக இருந்தார். திரும்பத் திரும்பப் பாட வைத்ததில் தொண்டை போய்விட்டது. காப்பியில் விக்ஸைக் கலந்து குடித்துவிட்டுப் பாடி முடித்ததாக லொலீட்டாவே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்தக் கரகரப்பு பதிவில் அப்படியே இருக்கிறது. வாத்தியங்கள் ஒதுங்கி, குரல் தனியே எழும்பும் இடத்தில் கவனித்தால் உச்சத்தில் ஒரு சிராய்ப்பு கேட்கும். ஒன்பது வருடம் கழித்து வெட்டி எடுக்கப்பட்டது அந்தச் சிராய்ப்புள்ள நொடிகள்தான்.

டாம் மோல்ட்டன் கலவை செய்த அந்தப் பாட்டு பில்போர்டு பத்திரிகையின் டிஸ்கோ தரவரிசையில் முதலிடம் பிடித்தது. பொதுத் தரவரிசையில் ஒன்றும் ஆகவில்லை. டிஸ்கோ செத்துவிட்டது என்று தீர்ப்பு எழுதிய பிறகு யார் ரேடியோவில் போடுவார்கள்? ஆனால் கிளப்புகள் விடவில்லை. நியூயார்க்கின் பாரடைஸ் கராஜில் லாரி லெவன், சிகாகோவின் வேர்ஹவுஸில் பிராங்கி நக்கிள்ஸ் என்று, கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்கரும் தன்பாலீர்ப்பாளர்களும் நிறைந்த அரங்குகளில் சால்சோல் தட்டுகள் தேயத் தேய ஓடின. வேர்ஹவுஸிலிருந்துதான் ஹவுஸ் என்ற மின்னணு நடன இசை பிறந்தது. தொழிலில் லொலீட்டாவுக்கு மவுசு குறைந்துகொண்டிருந்த அதே வருடங்களில், அவருடைய குரல் ஒரு புதிய இசை வகைக்கு அடித்தளமாகிக்கொண்டிருந்தது.

யாருக்கு எவ்வளவு

‘லவ் சென்சேஷன்’ குரல் வாத்தியமில்லாமல் தனியாகவும் டிஜேக்களின் கையில் புழங்கியது. அதை வேறொரு தாளத்தின் மேல் ஓட்டிப் பார்ப்பது எளிது. பிளாக் பாக்ஸின் டேனியல் டாவோலியும் ஒரு டிஜேதான். சாம்ப்ளர் கருவியில் குரலை ஏற்றி, விசையைத் தட்டி, வேண்டிய இடத்தில் வேண்டிய துண்டை இறக்கினார்கள்.

இங்கே பணம் எப்படிப் பிரிகிறது என்று பார்த்தால்தான் அநியாயத்தின் அளவு புரியும். ஒரு பதிவில் இரண்டு சொத்து இருக்கிறது. பாடல் எழுதியவருக்கு உரியது ஒன்று. பதிவின் உரிமை, அதாவது அந்த நாடாவில் இருக்கும் ஒலியின் உரிமை, மற்றொன்று. முதலாவது ஹார்ட்மனுடையது. ‘ரைடு ஆன் டைம்’ எழுதியவர்களில் ஒருவராக அவர் பெயர் சேர்ந்தது. இரண்டாவது கம்பெனியுடையது. பாடியவருக்கு உரிமை எதுவும் கிடையாது; கம்பெனியோடு போட்ட ஒப்பந்தப்படி பங்கு மட்டும்தான், அதுவும் பதிவுச் செலவு, முன்பணம் எல்லாம் கழித்த பிறகு. அமெரிக்காவின் சாதாரண வானொலியில் பாட்டு ஓடினால் எழுதியவருக்குப் பணம் வரும், பாடியவருக்கு வராது. இன்றும் அதுதான் நிலை. ஆக, அந்தப் பாட்டை அந்தப் பாட்டாக்கிய சிராய்ப்பு சட்டத்தின் கண்ணில் பாடியவருடைய சொத்து இல்லை, கம்பெனியின் நாடாவில் இருக்கும் ஒரு சத்தம், அவ்வளவுதான்.

சால்சோல் பதிவு ஒன்றிலிருந்து 0.23 விநாடி ஊதுகுழல் வெட்டை எடுத்ததாக மடோனாவின் ‘வோக்’ மீது பின்னாளில் வழக்கு நடந்தது. அத்தனை சிறிய துண்டு உரிமை மீறலாகாது என்று 2016இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கால் விநாடிக்காக ஒரு கம்பெனி மேல்முறையீடு வரை போக முடிகிறது. பாடகிக்கு அந்த வசதி கிடையாது.

இருந்தும் லொலீட்டா சும்மா இருக்கவில்லை. சட்ட நடவடிக்கை எடுத்தார். வெளியில் சொல்லப்படாத ஒரு தொகைக்கு விஷயம் முடிந்தது. ‘ரைடு ஆன் டைம்’ பாட்டுக்கு ஹெதர் ஸ்மாலைப் பாட வைத்து இன்னொரு பதிப்பும் வந்தது. ஹெதர் நல்ல பாடகி, பின்னால் எம் பீப்புள் குழுவில் பெயர் வாங்கியவர். ஆனால் இரண்டையும் அடுத்தடுத்து கேட்டால் வித்தியாசம் தெரியும். மெட்டு அதே மெட்டு, சிராய்ப்பு இல்லை.

பிளாக் பாக்ஸ் இதோடு நிற்கவில்லை. அடுத்து வந்த தொகுப்பில் மார்த்தா வாஷ் என்ற பாடகி பாட, மீண்டும் கினோல்தான் வாயசைத்தார். மார்த்தாவும் வழக்குத் தொடர்ந்தார், சி அண்ட் சி மியூசிக் ஃபேக்டரி குழு மீதும் தொடர்ந்தார். அதற்கப்புறம்தான் பாடியவர் பெயரைப் போடும் வழக்கம் நடனப் பாடல்களில் மெல்ல நிலைத்தது.

பெயர் வந்தது

1991இல் மார்க்கி மார்க் அண்ட் த ஃபங்கி பஞ்ச் குழு ‘குட் வைப்ரேஷன்ஸ்’ பாட்டில் அதே ‘லவ் சென்சேஷன்’ குரலை எடுத்துக்கொண்டது. மார்க்கி மார்க் என்பவர் இன்றைய நடிகர் மார்க் வால்பெர்க்தான். இந்த முறை பாட்டின் பெயரோடு லொலீட்டா ஹாலோவே என்று போட்டார்கள். வீடியோவிலும் அவர் வந்தார். அந்த அக்டோபரில் பாட்டு அமெரிக்கப் பொதுத் தரவரிசையில் முதலிடத்துக்குப் போனது. 1980இல் ரேடியோ திரும்பிப் பார்க்காத அதே குரல், அதே நாடா. அப்போது அவருக்கு 44 வயது.

மறுகண்டுபிடிப்பு என்று பொதுவாகச் சொல்லப்படுவது இதைத்தான். சந்தோஷமான விஷயம், மறுக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் ஹவுஸ் தயாரிப்பாளர்களோடு புதிதாகவும் பாடினார், மேடைகள் கிடைத்தன. 2011 மார்ச் 21 அன்று 64 வயதில் இறந்தபோது நடன இசையின் மகாராணி என்றே எழுதினார்கள். ஆனால் கண்டெடுக்கப்பட்டது எது என்று பாருங்கள். வேம்பின் உச்சம், அதிலும் சில நொடிகள். சர்ச் நீண்ட பாட்டின் முடிவாக வைத்திருந்ததை கிப்பன்ஸ் பதினோரு நிமிடமாக்கினார்; சாம்ப்ளர் அதைச் சில நொடியாக்கியது. ஏறி வந்த படிகள் எல்லாம் போய் உச்சி மட்டும் மிஞ்சியது. இதனால்தான் லொலீட்டாவைச் சத்தமாகக் கத்தும் பாடகி என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கேட்டது அவ்வளவுதான்.

கேட்க வேண்டிய வரிசை

அதனால் நான் யாருக்குச் சொன்னாலும் ‘லவ் சென்சேஷன்’ பாட்டைக் கடைசியில் வைக்கச் சொல்வேன். முதலில் ‘க்ரை டு மீ’ தொகுப்பு. அதில் தலைப்புப் பாட்டும், சாம் டீஸின் ‘த ஷோ மஸ்ட் கோ ஆன்’ பாட்டும். அவேர் பதிவுகள் பின்னாளில் மறுவெளியீடாக வந்துவிட்டன, தேடினால் கிடைக்கும். இங்கே அவர் தாழ்ந்த குரலில் எவ்வளவு நேரம் இருக்கிறார் என்று கவனியுங்கள். சத்தத்தை ஏற்ற எத்தனையோ வாய்ப்பு வருகிறது, ஏற்றுவதில்லை. எதிரில் இருப்பவனிடம் பேசுகிறார், அவ்வளவுதான். பாட்டு பாதி தாண்டிய பிறகே குரல் உயர்கிறது, அதற்குள் நமக்கும் அவள் பக்கம் நியாயம் பட்டுவிடுகிறது.

அப்புறம் ‘வோர்ன் அவுட் புரோக்கன் ஹார்ட்’. என் கணக்கில் அவருடைய மிகச் சிறந்த பதிவு இதுதான். பிறகு பாடகர் பன்னி சிக்லரோடு 1978இல் பாடிய ‘ஒன்லி யூ’. ஆர் அண்ட் பி தரவரிசையில் 11ஆம் இடம் வரை போன ஜோடிப் பாட்டு. சிக்லர் விளையாட்டாகப் பாட, இவர் விட்டுக்கொடுத்துப் பாடும் அழகு இருக்கிறதே, அதை எந்த சாம்பிளிலும் பிடிக்க முடியாது. அதே வருடத்து ‘குயின் ஆஃப் த நைட்’ தொகுப்பில் இன்னொன்று: நீ கூப்பிட்டபோது நான் வராமல் போகலாம், ஆனால் சரியான நேரத்தில் வந்துவிடுவேன் என்று ஒரு பாட்டு. கர்த்தரைப் பற்றி அவர்கள் சர்ச்சில் தலைமுறையாகச் சொல்லிவரும் வாசகத்தைக் காதலனிடம் சொல்கிறார். ‘லவ் சென்சேஷன்’ பாட்டில் இத்தாலியர்கள் வெட்டி எடுத்த வரியும் அந்த வாசகத்தின் வழிவந்ததுதான். ‘ரைட் ஆன் டைம்’ (சரியான நேரத்தில்) என்பது அவர்கள் காதில் ‘ரைடு ஆன் டைம்’ என்று விழுந்து, அப்படியே தலைப்பாகிவிட்டது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு ‘ஹிட் அண்ட் ரன்’ பாட்டை முதலில் தொகுப்பில் வந்த வடிவத்திலும், பிறகு கிப்பன்ஸின் பதினோரு நிமிடத்திலும் போடுங்கள். எது தூக்கி எறியப்பட்டது என்று அப்போது காதுக்கே தெரியும். கடைசியாக ‘லவ் சென்சேஷன்’, முழுப் பாட்டும், முதல் நொடியிலிருந்து.